ஓரடி கூடிப்போன படகு

என் கையில் இருந்த ரீப்பர் அரையடி குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்திருந்தேன். முதல் தடவையாக நானே அளந்து, நானே துண்டு சேர்த்து ஒட்டி, நாலு நாளாகக் காயவைத்திருந்த மெல்லிய ரீப்பர்களில் ஒன்றை எடுத்துப் பாதி கட்டியிருந்த படகின் மேல் வைத்தேன். இரண்டு முனையிலும் மூன்று மூன்று அங்குலம் வெளியே மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. இந்த முனையில் சரியாகப் பிடித்தால் அந்த முனையில் அரையடியைக் காணோம்.

ரீப்பரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். திருப்பிப் போட்டால் மரம் வளருமா என்று கேட்காதீர்கள். கோபம் வருவதற்கு முந்தின நொடியில் அப்படித்தான் ஏதாவது செய்யத் தோன்றும்.

பிறகு டேப்பை எடுத்தேன். பிளானில் படகின் நீளம் பதினைந்து அடி. டேப் பதினாறு காட்டியது.

கொட்டகையில் என்னைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் அந்தோணி. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மடங்காத வலது காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, உப்புத்தாளால் ஒரு துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஏழுமலை ஆசாரி. இழைப்புளியில் சிக்கிய மரச்சுருளை ஊதிக்கொண்டிருந்தார்.

"இத நீட்னது யாரு?" என்றேன்.

ஏழுமலை தலையைத் தூக்கவே இல்லை. "நாந்தான். பதினஞ்சு ஆவாது மேரி."

வேன் நின்ற இடம்

ஒதியம்பட்டில் எங்கள் வீட்டு ஓரமாகத் தகர ஷீட் போட்டது படகு கட்டுவதற்காக இல்லை. வேனுக்காக. திருபுவனைக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன். இருபது வருஷத்துக்கு மேல் அவர் ஓட்டியது. அதை விற்ற கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, நான் வேலை செய்யும் கம்பெனியில் எங்கள் செக்‌ஷன் பெண்கள் டிபன் நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "அப்புறம் அண்ணன் இன்னா பண்ணாருக்கா?"

அப்புறம் அண்ணன் ஒன்றுமே பண்ணவில்லை. அதுதான் என் பிரச்சினையே.

போன வாரம் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழுப்புரம் ரோட்டில் பைக்கில் வந்தவரை லாரி இடித்தது. வலது முழங்காலில் தகடு வைத்தார்கள். கால் ஒட்டிக்கொண்டது, மடங்குவதுதான் நின்றுபோனது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் சொன்னேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோல் ஊன்றி நடப்பார். வீட்டுக்குள் நடப்பார், வாசலில் நடப்பார், கொட்டகை வரைக்கும் நடப்பார். கேட்டைத் தாண்ட மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர ஒன்றரை வருஷம் தாண்டவில்லை. நடக்க முடியாமல் இல்லை. தெருவில் இறங்கினால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, "கால் இப்ப எப்படிக் கீது அந்தோணி?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்புக்குப் பயந்துதான் மனிதர் உள்ளேயே கிடந்தார்.

பூசைக்கு வா என்றேன், வரவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். ஒருநாள் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டு, அப்புறம் நானே அழுதேன். இருபது வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவர், டிவி ஓடுகிற அறையில் டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் அந்தக் கேட்டைத் தானாகத் தாண்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கையாக்கு

ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேரி, இதுக்குக் கால் வேணாம் போல."

அவராக வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. ஈரக்கையோடு ஓடினேன். போனில் ஒரு வெளிநாட்டுக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் மெல்லிய மரத் துண்டுகளை ஒட்டி ஒட்டி, நீளமாக, ஒல்லியாக ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் அதில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்பு இருக்கிற ஒரே கம்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏரியில் போனான். கயாக் என்று அதற்குப் பெயர்.

"கட்டிடலாம்" என்றேன்.

"இன்னாது?"

"நம்ப கொட்டாய் சும்மாதான கீது."

அந்த நிமிஷம் எனக்குப் படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கயாக்குக்கும் கால் வேண்டும், உள்ளே முட்டுக்கொடுத்து உட்கார வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. நல்ல கால் ஒன்று இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

நெட்டில் பிளானை வாங்கி, டவுனில் வீட்டுப் பிளான் அச்சடிக்கிற கடையில் பெரிய தாளில் எடுத்துவந்தேன். நேராக ஏழுமலையிடம் போனேன். அவர் என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எங்கள் வீட்டு நிலை, கதவு, கட்டில் எல்லாம் அவர் கை. இப்போது கரிக்கலாம்பாக்கம் பக்கம் மனை போட்டுக் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் பிளைவுட் அலமாரி செய்கிறார், மூச்சுவிட நேரமில்லை. பிளானைத் தரையில் விரித்துக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பேரு இன்னா சொன்ன?"

"கயாக்."

"கையாக்கா? சர்தான், கையால ஓட்றது" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கையாக்கு.

வேலை இப்படி. படகின் குறுக்கு வடிவத்தைப் பிளைவுட்டில் பலகை பலகையாக வெட்டி, அடிக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன்மேல் கால் அங்குல ரீப்பர்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வளைத்துக்கொண்டே போக வேண்டும். பசை காய்ந்ததும் உள்ளே இருக்கிற பலகைகளை எடுத்துவிட்டால் ஓடு மட்டும் நிற்கும். அதற்கு உள்ளேயும் வெளியேயும் பைபர் துணி போர்த்தி ரெசின் பூசினால் தண்ணீர் இறங்காது. பிளானில் கேட்டிருந்த மரத்தின் பெயரை ஏழுமலையால் வாசிக்கக்கூட முடியவில்லை. "மலைவேம்பு போட்லாம், கனம் இருக்காது" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். அறுத்தபோது வெளிர் சிவப்பாக வந்தது. கொட்டகை முழுக்க லேசான கசப்பு வாசனை, அது சோற்றிலும் இருந்தது.

இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லை. சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டிக் கட்டினோம். அதுவும் போதாமல் துணி கிளிப்பெல்லாம் கொட்டகைக்குப் போனது. கிளிப் இல்லாத கொடியிலிருந்து என் நைட்டி பறந்து பக்கத்து வீட்டு லதாவின் தென்னங்கன்றில் மாட்டிக்கொண்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்த சாக்கில் லதா கொட்டகைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"இன்னாக்கா இது, மாட்டுக்குத் தொட்டியா?"

"ஆமாண்டி, ஒனக்குத்தான்" என்றேன்.

மூன்றாம் சீட்டு

முதல் வாரம் அவர் சேரில் உட்கார்ந்து எங்கள் வேலையில் குறை சொன்னார். இரண்டாம் வாரம், "இப்டியா தேய்ப்பாங்க, குடு இங்க" என்று உப்புத்தாளைப் பிடுங்கினார். புருவமெல்லாம் மரத்தூளோடு அவர் குனிந்து தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன.

நான் கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவர் வேனில்தான் போவேன். கதவோரம் மூன்றாவது சீட்டு. முதல் வாரமே சண்டை. வேன் கால் மணி நேரம் லேட், என் பஞ்ச் அட்டையில் லேட் என்று சிவப்பு மை. "டிரைவரே, ஒங்க வூட்ல கடிகாரம் இல்லியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து எங்கள் ஸ்டாப்புக்கு வேன் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்கும்.

கதவோரம் உட்கார்ந்ததால் கதவைச் சாத்துகிற வேலை எனக்கு. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ரோட்டைப் பார்த்தபடியே, "ஏறியாச்சா? போலாமா?" என்பார். நான் கதவை இழுத்துச் சாத்தி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்பேன். தினமும் அதே இரண்டு வரிதான். எங்களுக்குள் நடந்த காதல் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்துச் சர்ச்சில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தபோது, வேனில் வந்த யாருமே ஆச்சரியப்படவில்லை.

உக்கார்ற எடமெல்லாம்

சரி, ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு வருகிறேன்.

"பதினஞ்சு ஏன் ஆவாது?" என்று கேட்டேன்.

"மனையடியில பதினஞ்சு வெச்சா எடுத்த காரியம் கூடாது. பதினாறு நல்லது. ஒரு நாளும் நான் பதினஞ்சுல நெலவாசலோ ரூமோ வெச்சதில்ல."

"யோவ், இது ரூமா? படகு."

"மனுஷன் உள்ள உக்காரப் போறானா இல்லியா? உக்கார்ற எடமெல்லாம் மனைதான்."

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு எதுக்குய்யா மனையடி?"

"நீ கோயிலுக்குப் போறியா சர்ச்சுக்குப் போறியான்னு மரத்துக்குத் தெரியுமா?"

பேக்கிங் செக்‌ஷனுக்கு வருமுன் பதினோரு வருஷம் நான் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள். அரை மில்லி கூடினால் டப்பாவைத் தூக்கி எறிகிற வேலை. என் வீட்டுக் கொட்டகையிலேயே ஒருவர் ஓரடியைக் கூட்டிவிட்டு, அதுவும் சொல்லாமல் கூட்டிவிட்டு, இழைப்புளியை ஊதிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் பிரித்துப் போடு என்று கத்தினேன். ஆறு வார வேலை அது. பிரித்தால் என் வீட்டுக்காரர் மறுபடி டிவி அறைக்குப் போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார் என்று தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

அப்போதுதான் சேரிலிருந்து ஒரு சத்தம். இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வுடு மேரி. பதினாலு சீட்டு வேன்ல நான் பதினெட்டுப் பேர ஏத்திக்கினு போவல?"

ஒன்றரை வருஷத்தில் அவர் சொன்ன முதல் ஜோக். அது அவ்வளவு பெரிய ஜோக் இல்லை. ஆனால் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு படகைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன்.

செக்கிங்கில் கற்ற பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவது. கண் ஏமாறும், கை ஏமாறாது. முனையிலிருந்து முனைக்குப் போனேன். எங்கும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஏழுமலை அந்த ஓரடியை ஒரே இடத்தில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் முக்கால் அங்குலம், கொஞ்சம் கூட என்று சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். வளைவு வளைவாகவே இருந்தது. செக்கிங் டேபிளில் வந்திருந்தால் பாஸ் போட்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாள் அவருக்கு டீ மட்டும் கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை.

ரெசின் பூசிய அன்று எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெயில் நேரத்தில் மொத்த ரெசினையும் அதைக் கெட்டியாக்கும் மருந்தையும் ஒரே கிண்ணத்தில் கலக்கிவிட்டேன். கையிலேயே கொதித்துப் புகைய ஆரம்பித்தது. வாசலில் வீசிவிட்டு நின்றேன். "இதுக்கெல்லாம் மனையடி பொறுப்பில்ல" என்றார் ஏழுமலை. பேச்சு மறுபடி தொடங்கியது அப்படித்தான்.

மேல்தளம் மூடியதும் என் வீட்டுக்காரரை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தோம். கொட்டகையில் சாக்கு மூட்டைகளின் மேல் படகு. மேல்தளத்தில் ஆள் இறங்க விட்டிருக்கிற துவாரத்துக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, காலை நீட்டியபடியே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். அவர் இறங்கினார். மடங்காத கால் நேராக உள்ளே போனது. "பாத்தியா, பதினாறா இருக்கறதாலதான் கால் போவுது" என்றார் ஏழுமலை. நான் பிளானை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்தாக இருந்தாலும் போயிருக்கும். அதை மட்டும் உடனே அவரிடம் சொன்னேன்.

குட்டி யானை

தை பிறந்து, சங்கராபரணியின் தடுப்பணையில் தண்ணீர் தேங்கி நின்ற ஒரு காலை. படகை ஏற்றிப்போகக் குட்டி யானை வண்டி சொல்லியிருந்தேன். ஏழுமலை வந்து படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் அதன்மேலேயே சர்ச்சிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தேன்.

என் வீட்டுக்காரர் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போயி தண்ணில வுட்டுப் பாருங்க. போன்ல போட்டோ எடுத்துக்கினு வா. நான் அதுல பாத்துக்கறேன்."

இத்தனை மாதம், இத்தனை கிளிப், இத்தனை மரத்தூள். எல்லாம் அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. திட்டக்கூடத் தோன்றவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, படகைத் தூக்கி ஏற்றுபவர்களுக்குக் கை கொடுத்தேன்.

குட்டி யானையின் தொட்டி சின்னது. பாதிப் படகு பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது. நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். எங்கள் தெருவில் வண்டி ரிவர்ஸில்தான் மெயின் ரோட்டுக்குப் போக முடியும். எதிரில் கரண்ட் கம்பம். டிரைவர் புதிசு போல. ஒடித்தார், படகின் வால் கம்பத்துக்கு நேராகப் போனது. முன்னே எடுத்து மறுபடி ஒடித்தார், மறுபடி கம்பம். ஒரு அடி. அந்த ஒரு அடிதான் இடித்தது. பதினைந்தாக இருந்திருந்தால் கம்பத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிப் போயிருக்கும். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"நிறுத்து. நிறுத்துய்யா."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. "முழுசா லெப்ட்ல ஒடி. இன்னும். இன்னும் ஒடி. இப்ப வா… வா… வா… நேர் பண்ணு. கண்ணாடியப் பாக்காத, என்னப் பாரு."

என் வீட்டுக்காரர் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கோல், இன்னொரு கையை உயர்த்தி டிரைவருக்குக் காட்டிக்கொண்டு. லுங்கியோடு, பழைய பனியனோடு. கேட் அவருக்குப் பின்னால் திறந்து கிடந்தது. தாண்டியதே அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் ஞாபகம் வந்து திரும்பிவிடுவாரோ என்று வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது.

"இன்னா அந்தோணி இது, கட்டுமரமா?"

"நீயா கட்ன? எத்தினி பேர் ஒக்காரலாம்?"

"இது கையாக்குபா" என்று அவரே சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மலைவேம்பு என்றார், பைபர் துணி என்றார். அத்தனை பேரில் ஒருவர்கூட அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டி நேரானதும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆறு வரைக்கும் அந்த டிரைவருக்குக் கியர் மாற்றப் பாடம்.

ஏழுமலையிடம் நான் இதுவரை இதைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. அவர் மனைவி வாராவாரம் படிப்பார். படித்துச் சொல்லட்டும்: அந்த ஓரடி இல்லாவிட்டால் என் புருஷன் வெளியே வந்திருக்க மாட்டார். காரணம் மனையடி இல்லை, கரண்ட் கம்பம். ஆனாலும் நன்றி அவருக்குத்தான்.

இரண்டு தட்டு

தடுப்பணைக்கு மேலே தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது. கோரைக்கு நடுவில் கொக்குகள். கரையோரம் இடுப்பளவுதான் ஆழம். அவருக்குச் சிவப்பு மிதவைச் சட்டை மாட்டிவிட்டோம். ஏழுமலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, கொட்டகையில் பழகியபடியே பின்னால் உட்கார்ந்து வழுக்கி உள்ளே இறங்கினார். படகு ஒரு தரம் ஆடி நின்றது.

ஏழுமலை கையை எடுத்துவிட்டுக் கரையேறினார். நான் எடுக்கவில்லை. சேற்றில் கால் புதைய, புடவை தண்ணீரில் மிதக்க, இரண்டு கையாலும் படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வரவேண்டும் என்று தவித்ததும் நான்தான், இப்போது விடமாட்டேன் என்று நிற்பதும் நான்தான். பயமாக இருந்தது. அதை எப்படி மறைப்பது?

அவர் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். என் கை இன்னும் அங்கேயே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏறியாச்சா? போலாமா?"

ஒரே ஆள் உட்காருகிற படகு அது.

கையை எடுத்தேன். மலைவேம்பில் இரண்டு தட்டு தட்டினேன்.

"போலாம் ரைட்" என்றேன்.